மாரியும் மனசும்: முஸ்லிம் மருத்துவ வரலாற்றிலிருந்து ஒரு பாடம்

கிழக்கிலங்கையில் மாரி தொடங்குமுன் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் நிறைய உண்டு. உடைந்த ஓட்டை மாற்ற வேண்டும். தகரத்தில் ஆணி கழன்ற இடத்தை அடைக்க வேண்டும். விறகை உள்ளே எடுக்க வேண்டும். வளவுத் தண்ணீர் ஓடக் கான் வெட்ட வேண்டும். கொத்தமல்லி, இஞ்சி, கருவாடு எல்லாம் வாங்கி வைக்க வேண்டும். பிள்ளைக்குச் சளி பிடித்தால் என்ன கொடுப்பது என்பது எந்த உம்மாவுக்கும் தெரியும். மழைக்காலத்தில் உடம்புக்கு என்ன வரும் என்று முன்கூட்டியே அறிந்து ஆயத்தமாகும் பழக்கம் நம்மிடம் இன்றும் இருக்கிறது.

ஆனால் அதே மழைக்காலத்தில் மனசுக்கும் ஒன்று வரக்கூடும் என்பதற்கு நம் வீடுகளில் ஆயத்தமில்லை. மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் ஒரு மூலையில் போர்த்திக்கொண்டு படுத்துவிடும் வாப்பா இருக்கிறார். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தூக்கமில்லாமல் இரவெல்லாம் முற்றத்தில் நடக்கும் மாமி இருக்கிறார். கேட்டால், “மனசு ஒரு மாதிரியா இரிக்கி” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குமேல் போனால் நாம் சொல்வது இரண்டில் ஒன்று: “ஈமான் பத்தாது” அல்லது “கண்ணூறு பட்டிருக்கும்”.

இந்த மௌனம் நமது மரபிலிருந்து வந்ததென்று பலர் நினைக்கிறார்கள். முஸ்லிம்களின் மருத்துவ வரலாற்றைப் புரட்டினால் கிடைப்பது நேர்மாறான செய்தி. பருவமும் உடலும் மனமும் ஒரே நூலில், ஒரே வைத்தியரால், ஒரே கூரையின்கீழ் கவனிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த மரபில் பாதியை நாம் வைத்துக்கொண்டோம். மற்றப் பாதியைக் கைவிட்டுவிட்டோம். கைவிட்ட பாதி எது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆறு காரணங்கள்

கிரேக்க மருத்துவம் அரபு மொழிக்கு வந்த வரலாறு நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (809 - 873) என்ற கிறிஸ்தவ அறிஞரும் அவருடைய மாணவர்களும் ஹிப்போகிரட்டீஸ், கலென் ஆகியோரின் நூல்களை மொழிபெயர்த்தார்கள். அவற்றுள் ஹிப்போகிரட்டீஸின் ‘மணிமொழிகள்’ ஒன்று. அரபியில் அதை ‘அல்ஃபுஸூல்’ என்பார்கள். எந்தப் பருவத்தில் எந்த நோய் தலைகாட்டும் என்ற பட்டியல் அந்த நூலில் இருக்கிறது. வசந்த காலத்து நோய்களின் வரிசையிலும் இலையுதிர் காலத்து நோய்களின் வரிசையிலும் ‘மாலிகூலியா’ இடம்பெற்றிருப்பது கவனிக்கத்தக்கது. காரணமின்றி வரும் அச்சம், ஓயாத கவலை, மனச்சோர்வு ஆகியவற்றை அக்கால வைத்தியர்கள் இந்தப் பெயரால் அழைத்தார்கள். இருமலும் தடிமலும் நிற்கும் அதே வரிசையில் மனநோயும் நிற்கிறது. அதற்கெனத் தனியான பயமோ வெட்கமோ அங்கே இல்லை.

இந்த அடித்தளத்தின் மேல் முஸ்லிம் மருத்துவர்கள் ‘அஸ்பாப் ஸித்தா ழரூரிய்யா’, அதாவது தவிர்க்க முடியாத ஆறு காரணங்கள் என்ற கோட்பாட்டை விரித்து எழுதினார்கள். காற்று, உணவும் பானமும், உறக்கமும் விழிப்பும், அசைவும் ஓய்வும், உடல் கழிப்பதும் தேக்குவதும், மன நிலைகள் என்பவையே அந்த ஆறு. முதலாவதான காற்று என்பதற்குள்தான் பருவங்கள் வருகின்றன. ஆறாவதான மன நிலைகளுக்குள் கோபம், பயம், துக்கம், மகிழ்ச்சி எல்லாம் அடங்கும். ஆறும் ஒன்றையொன்று இழுக்கும் கயிறுகள் போன்றவை. காற்று மாறினால் உறக்கம் மாறும். உறக்கம் மாறினால் மனம் மாறும். மனம் மாறினால் பசி மாறும்.

இப்னு ஸீனா (980 - 1037) தமது ‘கானூன்’ நூலில் பருவங்களின் இயல்பைப் பற்றியும், ஒரு பருவம் தன் இயல்பை விட்டுப் பிறழும்போது உடலில் நேரும் கோளாறுகளைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறார். பக்தாதைச் சேர்ந்த மற்றொரு கிறிஸ்தவ வைத்தியரான இப்னு புத்லான் (மறைவு 1066) ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’ என்ற நூலை அட்டவணைகளாகவே அமைத்தார். பழங்கள், இறைச்சி வகைகள், பருவங்கள், காற்றுகள் ஆகியவற்றோடு மகிழ்ச்சியும் கோபமும் அந்த அட்டவணைகளில் இடம்பெற்றன. சாதாரண மனிதர் ஒரு பக்கத்தைத் திறந்து தமக்கு வேண்டியதைப் பார்த்துக்கொள்ளலாம். இந்நூல் பின்னர் இலத்தீனுக்குப் போய் ஐரோப்பிய வீடுகளிலும் புழங்கியது.

தமிழ் படித்தவர்களுக்கு இந்தச் சிந்தனை அந்நியமாகத் தோன்றாது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்ற ஆறு பெரும்பொழுதுகளை முதற்பொருளில் வைத்து, அதற்கு இணையாக மனித உணர்வை உரிப்பொருளாக வைத்தது தொல்காப்பிய மரபு. கார்காலத்தோடு காத்திருத்தலும், வேனிலோடு பிரிவும் சேர்ந்தன. அரபு மருத்துவரும் தமிழ் இலக்கணக்காரரும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். என்றாலும் காலத்தை விட்டு மனசைத் தனியே பேச முடியாது என்பதை இருவரும் கண்டிருக்கிறார்கள்.

பல்கியின் நூல்

இந்த வரலாற்றில் நமக்கு மிக முக்கியமானவர் அபூ ஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்பல்கி. கி.பி. 850 அளவில் இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் நகருக்கு அண்மையில் ஒரு கிராமத்தில் பிறந்தார். தந்தை பிள்ளைகளுக்குக் கற்பித்த ஆசிரியர். இளமையில் ஈராக் சென்று, தத்துவ அறிஞர் அல்கிந்தியின் மரபில் கற்று, ஊர் திரும்பி, 934இல் (ஹிஜ்ரி 322) அங்கேயே மறைந்தார். புவியியல் வரலாற்றில் அவர் பெயர் நன்கு தெரிந்தது. ஆனால் ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’, அதாவது ‘உடல்களினதும் ஆன்மாக்களினதும் நலன்கள்’ என்ற அவருடைய மருத்துவ நூல் நெடுங்காலம் இஸ்தான்புல் ஆயாசோஃபியா நூலகத்தில் கையெழுத்துப் பிரதியாகவே இருந்தது. 1984இல் ஃபுவாத் ஸெஸ்கின் அதை நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். சூடானைச் சேர்ந்த உளவியலாளர் மாலிக் பத்ரி (1932 - 2021) அதன் இரண்டாம் பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013இல் வெளியிட்ட பிறகே பரவலான கவனம் கிடைத்தது.

நூல் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி உடல் பற்றியது. வசிப்பிடம், காற்று, நீர், வெப்பத்திலும் குளிரிலும் இருந்து காத்துக்கொள்ளல், உணவு, உறக்கம், குளிப்பு, உடற்பயிற்சி என்று அது போகிறது. இரண்டாம் பகுதி ஆன்மா பற்றியது, எட்டு அத்தியாயங்கள். கோபம், பயம், துக்கம், வஸ்வாஸ் எனப்படும் ஓயாத தீய எண்ணம் ஆகிய நான்குக்கும் தனித்தனி அத்தியாயம் உண்டு. உடலையும் ஆன்மாவையும் ஒரே நூலில் சேர்த்ததற்குப் பல்கி காரணம் சொல்கிறார். மனிதன் இரண்டாலும் ஆனவன். ஒன்று நோயுற்றால் மற்றதும் துன்பப்படும். மருத்துவர்கள் உடலை மட்டும் எழுதிவிட்டு மற்றதை விட்டுவிட்டார்கள் என்பது அவருடைய குறை.

அவர் சொன்னவற்றுள் மூன்று கருத்துகளை நாம் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, மனத்தின் நோய் யாரையும் விடாது என்பது. உடல் நோய்களுள் சிலவற்றைத் தன் ஹயாத்து முழுவதும் காணாமலே ஒருவர் மௌத்தாகிவிடலாம். கவலையும் கோபமும் பயமும் தொடாத மனிதர் ஒருவரும் இல்லை. ஆளுக்கு ஆள் அளவுதான் வேறுபடும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் ஒருவரின் இந்தக் கூற்றைக் கேட்ட பிறகும், மனசு சரியில்லை என்பவரைப் பார்த்து ஈமானை எடைபோட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இரண்டாவது, துக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தமை. ஒன்று காரணம் தெரிந்த துக்கம்: அன்புக்குரியவரின் மரணம், பொருள் நட்டம் போன்றவற்றால் வருவது. மற்றது காரணம் தெரியாத துக்கம்: எதுவும் நடக்காமலே மனம் கனத்து, எதிலும் விருப்பமற்றுப் போவது. முதலாவதற்குப் பேச்சும் சிந்தனையும் மருந்து. இரண்டாவதன் வேர் உடலில் இருக்கிறது என்று அவர் கருதினார். இரத்தத்தின் தூய்மை கெட்டதால் வருகிறது என்ற அவருடைய விளக்கத்தை இன்றைய மருத்துவம் ஏற்காது. ஆனால் சில துக்கங்களுக்கு உடல்வழிச் சிகிச்சையும் வேண்டும் என்று அவர் கண்டது பெரிய விஷயம். “உனக்கு என்ன குறை? சாப்பாடில்லையா, புள்ள இல்லையா?” என்று நாம் இன்றும் கேட்கும் கேள்விக்கு அதில் பதில் இருக்கிறது. குறை ஒன்றும் இல்லாமலும் இந்த நோய் வரும்.

மூன்றாவது, முன்கூட்டிய ஆயத்தம். உடல் நலமாக இருக்கும்போதே திடீர் நோய்க்கு மருந்து வாங்கி வைத்துக்கொள்கிறோம். அதைப்போல, மனம் அமைதியாக இருக்கும் நாட்களிலேயே நல்ல எண்ணங்களைத் தேடிச் சேர்த்துவைக்க வேண்டும். கலக்கம் வரும்போது அவற்றை எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்கிறார் பல்கி. அப்படிச் சேர்ப்பதற்கு உள்ளிருந்து தன் சிந்தனையும், வெளியிலிருந்து நம்பிக்கையான ஒருவரின் சொல்லும் உதவும். தீய எண்ணம் அலைக்கழிக்கும் ஒருவர் தனிமையில் கிடக்கக்கூடாது. ஆட்களோடு இருக்க வேண்டும் என்றும் எழுதுகிறார். மாரிக்கு முன் கூரை பார்ப்பதும் இதுவும் ஒரே அறிவுதான்.

வெயிலின் பக்தாத், வசந்தத்தின் எதிர்னே

நூல்களில் இருந்தது நடைமுறையில் இருந்ததா என்ற கேள்வி எழும். இரண்டு பயணிகள் சாட்சி சொல்கிறார்கள்.

ஒருவர் ஸ்பெயினின் துதேலா நகரைச் சேர்ந்த யூதப் பயணி பென்யமின். 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பக்தாத் சென்றவர். அங்கே ‘தாருல் மாரிஸ்தான்’ என்ற இல்லத்தைக் கண்டதாக எழுதுகிறார். கோடையின் கடும் வெப்பத்தில் புத்தி கலங்கியவர்களை அங்கே வைத்துப் பராமரித்தார்களாம். குளிர்காலத்தில் தெளிவு திரும்பும்வரை அவர்களுக்குக் கலீஃபாவின் செலவில் உணவு. மாதந்தோறும் அதிகாரிகள் வந்து ஒவ்வொருவரையும் விசாரித்துப் பார்ப்பார்கள். குணமானவரைக் கையில் பணமும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்ததையும் அவர் மறைக்கவில்லை.

மற்றவர் உஸ்மானியப் பயணி எவ்லியா செலபி. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயஸீத் கட்டிய மருத்துவமனையைப் பார்த்தார். துன்ஜா ஆற்றங்கரையில் 1488இல் முடிக்கப்பட்ட கட்டடத் தொகுதி அது. பள்ளிவாசல், மருத்துவக் கல்லூரி, சமையற்கூடம், மருத்துவமனை எல்லாம் ஒன்றாக அமைந்தவை. பெரிய குவிமாட மண்டபத்தைச் சுற்றிக் குளிர்காலத்துக்கு மூடிய அறைகள், கோடைக்குத் திறந்த திண்ணைகள், நடுவில் நீரூற்று. பருவத்தைக் கவனித்தே கட்டடத்தை எழுப்பியிருக்கிறார்கள். வசந்த காலத்தில் மனம் பேதலித்தவர்களின் தொகை கூடும் என்றும் அக்காலத்தில் அவர்களை அங்கே கொண்டுவருவார்கள் என்றும் எவ்லியா எழுதுகிறார். மணமுள்ள பூக்களை அவர்களுக்கு முகரக் கொடுத்தார்கள். வாரத்தில் மூன்று நாள் இசைக் கலைஞர்கள் வந்து வாசித்தார்கள். இதற்கெல்லாம் வக்ஃபு வருமானம் ஒதுக்கப்பட்டிருந்தது. எவ்லியாவும் சங்கிலிகளைக் குறிப்பிடுகிறார். இன்று அந்தக் கட்டடம் மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

இவை இரண்டும் தனித்த உதாரணங்கள் அல்ல. டமஸ்கஸில் நூருத்தீன் ஸங்கி 1154இல் நிறுவியதும், கைரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவியதும், அலெப்போவில் 1354இல் எழுந்த அர்கூன் பிமாரிஸ்தானும் மனநோயாளருக்கு இடமளித்தவை. அவை நகருக்கு வெளியே ஒதுக்குப்புறத்தில் இருக்கவில்லை. சந்தையும் மத்ரஸாவும் பள்ளிவாசலும் சூழ்ந்த நகர் நடுவில் இருந்தன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. “எல்லாவற்றையும் நாங்கள்தான் முதலில் கண்டோம்” என்று மேடையில் முழங்குவதற்கு இந்த வரலாறு பயன்படக்கூடாது. அடிப்படை கிரேக்கர்களிடமிருந்து வந்தது. மொழிபெயர்த்தவர்களிலும் வைத்தியர்களிலும் கிறிஸ்தவர்களும் யூதர்களும் இருந்தார்கள். சங்கிலியும் இருந்தது. பெருமைப்பட வேண்டிய இடம் வேறு. மனம் கலங்கியவரைப் பராமரிப்பது சமூகத்தின் செலவில், வக்ஃபின் பொறுப்பில் நடக்க வேண்டிய காரியம் என்று அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டதே அந்த இடம்.

அறிஞர்களுக்கும் வந்த நோய்

ஈமானும் இல்மும் உள்ளவருக்கு மனநோய் வராது என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பெயர்களை நினைவூட்டலாம்.

இஸ்ஹாக் இப்னு இம்ரான் பக்தாதிலிருந்து இன்றைய தூனிஸியாவின் கைரவானுக்குப் போய், 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வாழ்ந்த வைத்தியர். மாலிகூலியாவுக்கென்றே தனி நூல் எழுதியவர். அளவுக்கு மீறிப் படிப்பிலும் சிந்தனையிலும் மூழ்குபவர்களை இந்த நோய் பிடிக்கக்கூடும் என்கிறார். நோயைத் தூண்டும் இழப்புகளுக்கு உதாரணமாக, பிள்ளையை இழத்தலையும் மீட்க முடியாத நூலகத்தை இழத்தலையும் அருகருகே வைக்கிறார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட நாட்டில் வாழும் நமக்கு அந்த வரிசை விளங்கும்.

மற்றவர் இமாம் கஸ்ஸாலி. ஹிஜ்ரி 488 ரஜப் மாதம், அதாவது 1095 ஜூலையில், பக்தாத் நிழாமிய்யாவின் தலைமைப் பேராசிரியராக இருக்கும்போதே அவருக்கு நா எழவில்லை. பாடம் நடத்த முடியவில்லை. உணவு இறங்கவில்லை. உடல் மெலிந்தது. ஏறக்குறைய ஆறு மாதங்கள் நீடித்த அந்தக் கலக்கத்தை ‘அல்முன்கித் மினழ் ழலால்’ நூலில் அவரே எழுதுகிறார். பரிசோதித்த வைத்தியர்கள், இது கல்பில் தொடங்கி உடலுக்குப் பரவிய நோய். உள்ளத்தின் கவலை நீங்காமல் மருந்து வேலை செய்யாது என்று சொன்னார்களாம். ‘ஹுஜ்ஜத்துல் இஸ்லாம்’ என்று நாம் போற்றும் ஒருவர் தமது நிலையை வெட்கப்படாமல் எழுதிவைத்தார். அந்த வைத்தியர்களும் அவரைப் பழிக்கவில்லை.

இதற்கெல்லாம் முன்னோடி ஸீராவிலேயே இருக்கிறது. கதீஜா (ரழி) அவர்களும் அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டுக்கு ‘ஆமுல் ஹுஸ்ன்’, துக்க ஆண்டு என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடி துஆ கேட்டிருக்கிறார்கள். நோயாளிக்கும் துக்க வீட்டாருக்கும் ‘தல்பீனா’ எனும் வாற்கோதுமைக் கஞ்சி மனசுக்கு ஆறுதல் தரும் என்று கற்பித்திருக்கிறார்கள். துஆவும் கஞ்சியும் அங்கே ஒன்றாகவே வருகின்றன.

மிஞ்சிய பாதியும் தொலைந்த பாதியும்

இந்த மருத்துவ மரபு யூனானி என்ற பெயரில் இந்தியா வழியாக இலங்கைக்கும் வந்தது. ஹகீம்களும் பரிசாரிகளும் அதை ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1929இல் கொழும்பில் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியில் யூனானிக்கும் இடம் கிடைத்தது. இன்றும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின்கீழ் அது பயிற்றப்படுகிறது. நமது வீடுகளில் அதன் சுவடு இன்னும் அழியவில்லை. இது சூடு, அது குளிர்ச்சி. இந்தக் காலத்தில் இதைத் தின்னாதே. மழையில் தலை முழுகாதே என்று நம் மூத்தம்மாமார் சொன்னதெல்லாம் சுதேச வைத்தியமும் யூனானியும் கலந்து வந்த அறிவு.

ஆனால் ஆறு காரணங்களில் உணவும் குளிப்பும் மட்டுமே நம் குசினிவரை வந்து சேர்ந்தன. ஆறாவது காரணம் வழியில் எங்கோ தவறிவிட்டது. அதன் இடத்தை மௌனமும் பரிகாசமும் பிடித்துக்கொண்டன. அங்கொடையில் இருப்பது நாட்டின் தலையாய மனநல மருத்துவமனை. எத்தனையோ குடும்பங்களுக்கு மீட்சி கொடுத்த இடம். நாமோ அந்த ஊரின் பெயரையே ஏச்சுச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். “அங்கொடைக்குத்தான் அனுப்பணும்” என்று வகுப்பறையில் சிறுவர்கூடச் சொல்கிறார்கள். நகர் நடுவில் பூவும் நீரூற்றும் வைத்து மருத்துவமனை கட்டிய மரபின் வாரிசுகள் நாம் என்று பிறகு எப்படிச் சொல்வது?

விளைவு என்ன? பெண் பிள்ளைக்குக் கலியாணம் தட்டிப்போகும் என்ற பயத்தில் நோய் மறைக்கப்படுகிறது. தொடங்கியபோதே பார்த்திருந்தால் சில மாதத்தில் தணிந்திருக்கக்கூடியது, ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. ஓதிப்பார்ப்பதில் பிழையில்லை, அது நமது நம்பிக்கை. ஓதிய தண்ணீரைக் குடிப்பவர் டொக்டரின் குளிசையையும் குடிக்கலாம். ஒன்று மற்றதைத் தடுப்பதாகப் பல்கியும் சொல்லவில்லை, நமது மார்க்கமும் சொல்லவில்லை.

நமது மாரி

பருவத்தோடு வரும் உளச்சோர்வை 1984இல் அமெரிக்க ஆய்வாளர் நோர்மன் ரோஸந்தாலும் அவருடைய சகாக்களும் விவரித்து எழுதினார்கள். குளிர்காலத்தில் பகல் குறுகி வெளிச்சம் குறைவதோடு அதைத் தொடர்புபடுத்தினார்கள். நமது நாட்டில் பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. எனவே அவர்களுடைய நோயை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. நமது பருவங்கள் மனசைத் தொடும் வழி வேறு.

வாடை வீசும் மாதங்களில் கிழக்குக் கடல் கொந்தளிக்கும்; தோணி கரையில் கிடக்கும்; கடற்றொழிலாளி வீட்டில் அடுப்பு தயங்கும். வெள்ளாமைக்காரனுக்கு விதைத்த நாள் முதல் வெள்ளத்தின் பயம், அதன்பின் கடனின் பயம். கூலி வேலைக்காரருக்கு மழை என்றால் வருமானமில்லாத நாள். வீட்டுக்குள் அடைபட்ட பெண்களுக்கு ஈர உடுப்பும் பிள்ளைகளின் காய்ச்சலும் உறக்கமில்லாத இரவும். ஆறு காரணங்களில் காற்று, உணவு, உறக்கம், அசைவு நான்கும் ஒரே நேரத்தில் குலைந்தால் மனம் மட்டும் நிலையாக இருக்குமா?

இதற்கும் மேலே நினைவுகள் இருக்கின்றன. கிழக்கைச் சிதைத்த சூறாவளி 1978 நவம்பர் 23இல் வந்தது. 1990 ஒக்டோபர் இறுதியில், மழை பிடிக்கும் நேரத்தில், வடக்கின் முஸ்லிம்கள் 70,000 பேருக்கும் மேல் தங்கள் மண்ணிலிருந்து விரட்டப்பட்டார்கள். மன்னார்க் கரையிலிருந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வள்ளமேறிக் கற்பிட்டியில் இறங்கியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது முதல் அம்பாந்தோட்டை வரை நமது மையவாடிகள் அதற்குச் சாட்சி. மூன்றும் வருடத்தின் ஒரே பகுதியில்.

ஹிஜ்ரி மாதங்கள் ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னோக்கி நகர்வதால், 33 ஆண்டு அளவில் ஒரு ரமழான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வந்துவிடும். ஆகவே நமது பெருநாள்களுக்கு நிலையான பருவமில்லை. நமது துக்கங்களுக்கோ இருக்கிறது. சுனாமி வந்தது ஹிஜ்ரி 1425 துல்கஃதாவில் என்பது பலருக்கு நினைவில்லை. ஆனால் வாடைக் காற்றும் டிசம்பர்ப் பௌர்ணமியும் வரும்போது உடம்பு தானாக அதை நினைக்கிறது. கத்தம் ஓதி, கந்தூரி கொடுத்து முடிந்த பிறகும், காற்று மாறியதும் ஒரு தாய் பேச்சைக் குறைத்துக்கொள்கிறாள் என்றால், அவளுக்குப் ‘பிடித்திருப்பது’ பேயல்ல. பல்கியின் மொழியில் சொன்னால் காரணம் தெரிந்த துக்கம் அது. அவளுக்கு வேண்டியது பக்கத்தில் இருந்து கேட்கும் ஒருவர்.

ஆயத்தம்

பழைய மருத்துவர்கள் பருவம் மாறுமுன் ஆயத்தமாகச் சொன்னதை நமது காலத்துக்கு ஏற்ப இப்படி எடுத்துக்கொள்ளலாம்.

மாரி தொடங்குமுன், நம் குடும்பத்தில் யாருக்கு எந்த மாதம் கனக்கும் என்று யோசித்துப் பார்ப்போம். பெரும்பாலும் நமக்கே தெரிந்திருக்கும், பேசியிருக்க மாட்டோம். கிளினிக்கில் மருந்து எடுப்பவர் இருந்தால், வெள்ளத்தில் பாதை மூடுமுன் அடுத்த மருந்துக்கு ஒழுங்கு செய்வோம். இடையில் மருந்தை விட்டதால் நோய் திரும்பிய கதைகள் நம் ஊர்களில் நிறைய உண்டு. ரமழான் வரும்போது, நோன்பு பிடிக்கலாமா, குளிசை நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை டொக்டரிடம் முன்கூட்டியே கேட்போம். சில மருந்துகளுக்கு உடலின் நீர் குறையவே கூடாது. நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை மனநோயாளிக்கும் உரியதே.

உறக்கத்தைக் காப்போம். மழை விட்ட நேரத்தில், ஸுபஹுக்குப் பின் சிறிது தூரம் நடப்போம். தனித்திருப்பவரைத் தேடிப் போவோம். ஜமாஅத்துக்கு வழமையாக வருபவர் ஒரு வாரம் வராவிட்டால் கதவைத் தட்டுவதும் இபாதத்தான். மனம் நன்றாயிருக்கும் நாளில் மனசுக்கு ஆறுதலான ஆயத்தோ, ஹதீஸோ, நண்பர் சொன்ன ஒரு சொல்லோ எழுதி வைப்போம். பல்கி சொன்ன கைமருந்துப் பெட்டி அதுவே.

இவையெல்லாம் லேசான கலக்கத்துக்குப் போதும். வாரக்கணக்கில் உறக்கமும் பசியும் இல்லாமல், ஒன்றிலும் மனம் பற்றாமல், “இரிந்து என்ன பயன்” என்ற பேச்சு வந்துவிட்டால் தாமதிக்கக்கூடாது. நமது மாவட்ட, ஆதார வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைத்துப் பேசலாம்.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் இதில் பங்குண்டு. வக்ஃபு என்பது கட்டடமும் கடைவாடகையும் மட்டும் என்று எதிர்னேவைக் கட்டியவர்கள் நினைக்கவில்லை. கிளினிக்குக்குப் போக பஸ் காசில்லாத ஏழை நோயாளி ஒருவருக்கு மாதம் ஒருமுறை அந்தக் காசைக் கொடுப்பதற்குப் பெரிய திட்டமெதுவும் தேவையில்லை. ஒக்டோபரில் ஒரு ஜும்ஆவில், டெங்கு பற்றிப் பேசுவதுபோல மனக்கவலை பற்றியும் பத்து நிமிடம் பேசினால், சபையில் இருக்கும் எத்தனையோ பேர் அன்று வீட்டுக்குப் போய் வாய் திறப்பார்கள். வாய் திறந்த பிறகு வைத்தியரிடம் போவது கடினமல்ல.